கோட்டு அப்புறம், முதலில் பிரம்பு: பார்டிட்சு பழக ஆரம்பிப்பது எப்படி

பார்டிட்சு என்ற பழைய லண்டன் தற்காப்புக் கலையைப் பழகலாம் என்று ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் தேடிப் போவது நீளக் கோட்டு, உருண்டைத் தொப்பி, முடிந்தால் ஒரு முறுக்கு மீசை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பிரம்பு வாங்குங்கள். தரையில் ஊன்றினால் இடுப்பளவு வரவேண்டும், 90 சென்டிமீட்டர் போதும், பெருவிரல் பருமன், இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். தேக்கு, கருங்காலி என்று வீரமாகப் போகாதீர்கள். கனத்த கட்டை கூடப் பழகுகிறவரின் விரலை உடைத்துவிடும், லேசான பிரம்பு அதே அடிக்குப் பெரும்பாலும் வீங்கவைப்பதோடு விட்டுவிடும். அந்தக் காலத்து ஆட்கள் வைத்திருந்ததும் மலாக்கா பிரம்புதான், ஒரு முனையில் உலோகக் குமிழ் வைத்தது. நமக்கு உலோகம் வேண்டாம். குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் பந்தைத் துளைத்துச் செருகி, கழன்று பறக்காதபடி டேப் சுற்றிவிடுங்கள்.

இது என்ன கலை, யார் கண்டுபிடித்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் எப்படிப் பழகவேண்டும் என்பதும் புரியும். எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட் என்று ஒரு எஞ்சினியர். பிறந்தது 1860இல், நம்ம பெங்களூரில். அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் லோகோமோட்டிவ் சூப்பரின்டெண்டென்ட். மகன் வேலை விஷயமாக ஜப்பானுக்குப் போய், கோபே நகரத்தில் ஜுஜிட்சு என்ற ஜப்பானியப் பிடிச் சண்டைக் கலையைக் கற்றுக்கொண்டு, 1898இல் லண்டன் திரும்பினார். அதே வருடக் கோடையில்தான் 'ஹூலிகன்' என்ற சொல் லண்டன் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது, தெருவில் கும்பல் சேர்ந்து வம்புக்கு இழுக்கிற பையன்களை நினைத்து வசதியுள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒரே கிலி. இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு போகிற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. ஆனால் கைத்தடி இல்லாமல், கோட்டு இல்லாமல் எந்த ஜென்டில்மேனும் வாசலைத் தாண்டமாட்டான். சரி, அதையே ஆயுதமாக்கினால் என்ன என்று யோசித்தவர் தன் பெயரில் பாதியையும் ஜுஜிட்சுவில் பாதியையும் ஒட்டவைத்து 'பார்டிட்சு' என்று ஒன்றை உருவாக்கினார்.

1899இல் பியர்சன்ஸ் மேகசினில் படம் படமாகப் போட்டு எழுதினார், 1901இல் அதே பத்திரிகையில் கைத்தடி பற்றித் தனியாக எழுதினார். 67பி, ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ என்ற முகவரியில் பூமிக்கடியில் ஒரு பெரிய ஹால், வெள்ளை ஓடு பதித்த சுவர், அந்தக் காலத்திலேயே எலக்ட்ரிக் லைட். ஜுஜிட்சு சொல்லித்தர ஜப்பானிலிருந்து யூகியோ தானி, சாதகாசு உயெனிஷி. தடிக்கு சுவிட்சர்லாந்துக்காரர் பியர் வின்யி. மல்யுத்தத்துக்கு இன்னொரு சுவிஸ் ஆள் அர்மான் ஷெர்பியோ. பழைய ஐரோப்பிய வாள்வித்தையைக் கற்றுத்தர கேப்டன் ஆல்ஃப்ரெட் ஹட்டன். இத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் சேர்த்த இடம் 1902இல் மூடப்பட்டது. அதன் பிறகு பார்ட்டன்-ரைட் உடற்பயிற்சி மருத்துவம், மின்சிகிச்சை என்று வேறு பக்கம் போய்விட்டார். கலையின் பெயராவது மிஞ்சியது ஒரு எழுத்துப் பிழையால்: 1903இல் கோனன் டாயில் எழுதிய கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ், தான் அருவி விளிம்பில் தன் எதிரி மோரியார்ட்டியிடமிருந்து தப்பித்தது 'பாரிட்சு' தெரிந்ததால்தான் என்கிறார். ஒரு 'ட்' போய்விட்டது. பல வருடம் ஹோம்ஸ் ரசிகர்கள் அது என்ன கலை என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

மறுபடி உயிர்வந்தது 2000க்குப் பிறகு. அந்தப் பழைய பியர்சன்ஸ் கட்டுரைகள் இணையத்தில் ஏற்றப்பட்டன, 2002இல் பார்டிட்சு சொசைட்டி என்று சிலர் சேர்ந்தார்கள், 2005இலும் 2008இலும் கிடைத்த மூலங்களையெல்லாம் திரட்டி இரண்டு தொகுதி போட்டார்கள். அவர்கள் பண்ணிய நல்ல காரியம் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்ததுதான். பார்ட்டன்-ரைட்டும் அவர் ஆட்களும் 1899இலிருந்து 1902 வரை எழுதி, படம்பிடித்து வைத்தது 'கேனானிகல்'. அவர் சொல்லாமல் விட்ட இடங்களை அந்த ஆசிரியர்களும் மாணவர்களும் பின்னால் எழுதியதை வைத்தோ, அதே காலத்து வேறு கையேடுகளை வைத்தோ நிரப்பினால் அது 'நியோ'. பெல்ட் கிடையாது, தலைமை ஆசான் கிடையாது, பரம்பரை கிடையாது. யாராவது வந்து நான் பார்டிட்சு பரம்பரையில் எத்தனையாவது வாரிசு என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், 1902க்கும் 2002க்கும் நடுவில் வாரிசே இல்லை. நீங்கள் பழகும்போதும் ஒரு நோட்டுப் போட்டு, எந்த அடி எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி பயிற்சி. ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இது நாற்பது ஐம்பது தந்திரங்களின் மூட்டை இல்லை. தடி, உதை, குத்து, பிடி என்ற நான்கும் நான்கு தூரங்கள். ஆள் எட்ட நின்றால் தடி, இன்னும் ஓரடி வந்தால் கால், அதற்கும் உள்ளே கை, ஒட்டிக்கொண்டால் ஜுஜிட்சு. ஒன்று வேலைசெய்யாத இடத்தில் அடுத்ததற்குத் தாவத் தெரிவதுதான் பார்டிட்சு, தனித்தனியாக நான்கிலும் புலியாக இருந்து தாவத் தெரியவில்லை என்றால் நீங்கள் நான்கு கலை தெரிந்தவர், அவ்வளவுதான்.

தடியைத் தொடுவதற்கு முன்னால் விழப் பழகுங்கள். எல்லாரும் தாண்டிப் போக நினைக்கிற பாடம் இது. பக்கத்தில் ஜூடோ வகுப்பு இருந்தால் மூன்று மாதம் போய்விட்டு வாருங்கள், அதைவிட நல்ல வழி கிடையாது. இல்லையென்றால் தடித்த மேட் போட்டுக் குந்தி உட்காருங்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டி, உங்கள் தொப்புளைப் பார்த்தபடி முதுகை வளைத்துப் பின்னால் உருளுங்கள், முதுகு மேட்டில் படும் நேரத்தில் இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி உள்ளங்கையால் மேட்டை ஓங்கித் தட்டுங்கள். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போச்சு. குந்தியபடி ஐம்பது தடவை சரியாக வந்த பிறகுதான் நின்றபடி. கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவேண்டாம்.

இப்போது தடி. பிடிக்கவேண்டியது மெல்லிய முனையை, பந்து இருக்கும் முனைதான் அடிக்கும் முனை. கட்டைவிரலைத் தடியோடு நீட்டிவைக்காமல் மற்ற விரல்களின் மேல் மடித்துப் பிடியுங்கள், இல்லையென்றால் ஓங்கி அடிக்கும்போது தடி கையைவிட்டு நழுவும். அடுத்து, கை எப்போதும் தலைக்கு மேலே. இது ஏதோ பார்க்க நன்றாக இருக்கும் என்று வைத்த நிலை என்றுதான் முதலில் நினைத்தேன். வாளில் கைக்குக் காப்பு இருக்கும், கைத்தடியில் கிடையாது. நெஞ்சளவில் கையை வைத்துக்கொண்டு எதிராளியின் அடியைத் தடுத்தால் அவன் தடி உங்கள் தடிமேல் வழுக்கிக்கொண்டு நேராக விரலுக்கு வரும். கை மேலே இருந்து தடி கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் அதே அடி கூரைமேல் மழை மாதிரி வெளிப்பக்கமாக வழிந்துவிடும். எங்களோடு பழகும் ஒரு நண்பன் சிலம்பம் தெரிந்தவன், நீளக் கம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பழகிய கை, இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றான். இரண்டாவது வாரம் நடுவிரல் மூட்டு கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. மூன்றாவது வாரம் கை தானாக மேலே போய்விட்டது.

நிற்கும் நிலை இரண்டு போதும். வலது கால் முன்னால், வலக்கை உயரே, தடி முன்புறமாகச் சரிந்து இருப்பது முன்காப்பு. இடது கால் முன்னால், இடக்கையை நன்றாக முன்னே நீட்டி, தடியுள்ள வலக்கையைத் தலைக்கு மேல் பின்னால் வைத்திருப்பது பின்காப்பு. முட்டி இரண்டிலும் லேசாக மடிந்திருக்கட்டும்.

பின்காப்பிலிருந்து வருகிற ஒரு பாடம்தான் என்னைக் கேட்டால் மொத்தக் கைத்தடி வித்தைக்கும் சாவி. 1901 கட்டுரையில் முதலில் வருவதும் அதுதான், 'தூரத்தால் காப்பது' என்று தமிழில் சொல்லலாம். மறிப்பதே கிடையாது. நீட்டியிருக்கும் உங்கள் இடக்கை தூண்டில் புழு. கையில் தடியோடு வருகிறவனுக்கு அடிக்க வாகாகத் தெரிகிற முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும், ஓங்குவான். அவன் தடி இறங்கும்போது இடக்கையை இழுத்துக்கொண்டே இடது காலைச் சுழற்றி வலது காலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அவன் அடி காற்றில் போகும். உங்கள் உடம்பு திரும்பிவிட்டதால் இப்போது வலது தோள் முன்னால் இருக்கிறது, ஓரடிகூட எடுத்துவைக்காமல் உங்கள் தடி அவன் தலைக்கு எட்டும். அவனுக்கு நீங்கள் எட்டமாட்டீர்கள், உங்களுக்கு அவன் எட்டுவான்.

இதில் எல்லாரும் செய்கிற தப்பு இரண்டு காலையும் எடுத்துப் பின்னால் குதிப்பது. குதித்தால் தப்பிக்கலாம், ஆனால் திருப்பி அடிக்க எட்டாது. வலது கால் நட்ட கம்பம் மாதிரி நிற்கவேண்டும். நாங்கள் வலது காலைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, யார் கால் வட்டத்தைவிட்டு வெளியே வந்ததோ அவர் டீ வாங்கித் தரவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் என் காசில்தான் எல்லாரும் டீ குடித்தார்கள். முதலில் தடியே இல்லாமல் கால் மட்டும், பிறகு எதிராளி கையில் செய்தித்தாள் சுருள், பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு பிரம்பு. மெதுவாக, பேசிக்கொண்டே செய்கிற வேகத்தில் ஆரம்பியுங்கள்.

தனியாகப் பழக, கொடிக்கயிற்றில் ஒரு பழைய சட்டையைத் தொங்கவிடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம், மேலிருந்து, கீழிருந்து என்று மணிக்கட்டைச் சுழற்றி அடியுங்கள், பத்து அடிக்கு ஒருமுறை தடியை மற்றக் கைக்கு மாற்றுங்கள். வின்யி முறையில் இரண்டு கையும் ஒன்றுபோல வேலைசெய்யவேண்டும், கை மாற்றுவதே ஒரு ஏமாற்று. இதை மொட்டை மாடியில் செய்யுங்கள். கூடத்தில் செய்து டியூப் லைட்டை நொறுக்கியவன் சொல்கிறேன். உடம்பைச் சூடாக்க லேசான கர்லாக்கட்டை சுற்றினால் தோள் நன்றாக இளகும், காலத்துக்கும் பொருந்தும். இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன கர்லாக்கட்டை அப்போது இங்கிலாந்தின் உடற்பயிற்சிக் கூடங்களில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

உதையும் குத்தும் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் பார்ட்டன்-ரைட்டே இவற்றைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறார். இந்தப் பகுதி முழுக்க நியோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு உதைச் சண்டையான சவாத்திலிருந்து கணுக்கால், முழங்காலுக்குக் கீழ் படும் தாழ்ந்த உதை ஒன்று, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து எதிராளியின் கணைக்கால் எலும்பில் காலணி விளிம்பு படுகிற மாதிரி. இடுப்புக்கு மேல் உதைக்கவேண்டாம், தடி கையில் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. குத்துச்சண்டை அந்தக் காலத்து முறை, முஷ்டி இப்போது வைப்பதைவிட முன்னால் தள்ளி இருக்கும், நேரான இடக்கைக் குத்துதான் பிரதானம். ஏற்கெனவே பாக்ஸிங் தெரிந்தவர்களுக்கு ஒரு மணி நேர வேலை.

ஒட்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அடுத்த பெரிய பாடம். நிஜத்தில் நடக்கப்போவதும் அதுதான், இரண்டாவது அடிக்குள் எதிராளி உங்கள் தடியைப் பிடித்துவிடுவான். பிடித்தவுடன் எல்லாரும் கயிறிழுக்கும் போட்டியில் இறங்குவார்கள். வேண்டாம். பார்ட்டன்-ரைட் மூன்று விதி சொல்கிறார்: எதிராளியின் நிலையைக் குலை; அவன் சுதாரித்துத் தன் பலத்தைப் பயன்படுத்துவதற்குள் அடுத்ததைச் செய்; தேவைப்பட்டால் மட்டும், எந்த மூட்டாலும் தாங்கமுடியாத கோணத்தில் மூட்டைப் பிடி. இந்த வரிசைதான் முக்கியம், யூடியூப் பார்த்துப் பழகுகிறவர்கள் நேராக மூன்றாவதுக்குப் போய் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், எதிராளியோ ஆணி அடித்த மாதிரி நிற்பான்.

அவன் தடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறான் என்று வையுங்கள். இழுப்புக்கு எதிராக இழுக்காமல் அதோடு சேர்ந்தே உள்ளே போங்கள், நீங்களாகவே வருவீர்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, அவன் எடை தன்னால் குதிகாலுக்குப் போகும். அந்த அரை விநாடியில் உங்கள் காலை அவன் காலுக்குப் பின்னால் வைத்து, காலியாக இருக்கும் கையின் உள்ளங்கையால் தாடையை மேல்நோக்கிப் பின்னால் தள்ளினால் ஆள் சாய்வான். பயிற்சியில் தாடையைத் தள்ளாதீர்கள், தோளைத் தள்ளுங்கள், அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி மெதுவாக மேட்டில் இறக்குங்கள். வலிக்கும்போது அவன் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த இடத்திலேயே விடவேண்டும், இதில் பேச்சே கிடையாது. அப்போதுதான் நீங்கள் முதலில் விழப் பழகியது எதற்கு என்பதும் தெரியவரும்.

கோட்டு வித்தையைச் சொல்லாவிட்டால் யாரும் விடமாட்டீர்கள். 1899 கட்டுரையில் இருக்கிறது, சுத்தமான கேனானிகல். ஓவர்கோட்டைக் கை நுழைக்காமல் தோளில் மட்டும் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். ஆள் பாய்ந்தால் வலக்கையால் இடதுபக்கக் காலரைப் பிடித்து ஒரே வீச்சில் சுழற்றி அவன் தலையும் கையும் மூடுகிற மாதிரி எறி. அவன் திணறும்போது பக்கவாட்டில் நழுவிப் பின்னால் போய், கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே முதுகைத் தள்ளு, குப்புற விழுவான். படிக்கும்போது சிரிப்பு வரும், எங்களுக்கும் வந்தது. செய்து பார்த்ததில் தெரிந்தது, எறிவது பத்துக்கு ஆறு தடவை தலையில் விழுகிறது, மீதி நாலு தடவையும் அவன் கண்ணை மூடிக் கையைத் தூக்கிவிடுகிறான், அதுவே போதும். முதலில் கனமான போர்வையை வைத்துப் பழகுங்கள். நம்மூர் வெயிலில் ஓவர்கோட்டு ஏது என்பவர்களுக்கு, தோளில் கிடக்கும் துண்டுக்கு எடை போதவில்லை, ஈரத் துண்டு பரவாயில்லை.

பெண்கள் இது ஆண்கள் விஷயம் என்று ஒதுங்கவேண்டாம். மிஸ் சாண்டர்சன் என்பவர் வின்யியோடு சேர்ந்து பெண்களுக்குக் குடையை ஆயுதமாக்கிக் கற்றுக்கொடுத்தார். உயெனிஷியிடம் ஜுஜிட்சு கற்ற எடித் காரட்தான் பின்னாளில், ஓட்டுரிமைக்குப் போராடிய பெண்களின் தலைவர்களைப் போலீஸ் கைதுசெய்யவிடாமல் காத்த மெய்க்காவல் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த அணிப் பெண்கள் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தது என்ன தெரியுமா? மேலே சொன்ன கர்லாக்கட்டைதான். மடக்காத நீளக் குடைக்கு மேலே சொன்ன தடிப் பாடம் எல்லாமே பொருந்தும், கூடவே கூர்முனையால் குத்தவும் செய்யலாம். மடக்குக் குடை ஒன்றுக்கும் உதவாது.

மூன்று நான்கு மாதம் போனபின் மோதிப் பழகலாம். வாள்வீச்சுக்கான முகக்கவசம், பின்மண்டைக்கு ஏதாவது ஒரு பட்டை, கிரிக்கெட் பேட்டிங் கிளவுஸ், முழங்கைக்கு பேட். அந்தக் கவசம் மெல்லிய வாளுக்குச் செய்தது, கனத்த தடிக்கு இல்லை, அதனால்தான் ஆரம்பத்திலேயே லேசான பிரம்பு என்றேன். பின்மண்டை, கழுத்து, முழங்கால், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அடி கூடாது. முப்பது விநாடிக்கு மேல் போகவேண்டாம், ஒருவருக்குத் தடி, மற்றவருக்கு வெறுங்கை, வெறுங்கைக்காரரின் வேலை எப்படியாவது உள்ளே நுழைந்து கட்டிப்பிடிப்பது, தடிக்காரரின் வேலை அதைத் தடுப்பது, முடியாதபோது தடியை விட்டுவிட்டுப் பிடிக்குத் தாவுவது. தடியை விட மனசு வராது. என்னால் முதல் பத்து தடவை விடமுடியவில்லை, ஏதோ அப்பா சொத்து மாதிரி பிடித்துக்கொண்டே கீழே விழுந்தேன். அந்தப் பிடி தளர்கிற அன்றைக்குத்தான் நீங்கள் பார்டிட்சு பழக ஆரம்பித்திருக்கிறீர்கள்.

தடியில் இன்னும் ஆழமாகப் போகவேண்டும் என்றால் எச்.ஜி. லாங் என்ற இந்திய போலீஸ் அதிகாரி 1923இல் வெளியிட்ட கைத்தடிப் பாடங்களைத் தேடிப் பிடியுங்கள். வின்யி முறையை அடிப்படையாக வைத்து, போலீஸ்காரருக்கே உரிய ஒழுங்கோடு பாடம் பாடமாக எழுதியது. பின்னால் ஹீப்ரு மொழிக்குப் போய்ப் பாலஸ்தீனத்தில் ஹகனா என்ற யூதப் படையினர் அதை வைத்துத் தடி பழகினார்கள். 1902க்குப் பிந்தியது என்பதால் நோட்டில் நியோ பக்கத்தில் எழுதுங்கள்.

தெருவில் யாராவது பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள், ஓட வழி இருந்தால் ஓடுங்கள். இது நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய லண்டன்காரர்களுக்குச் செய்தது, கத்தியோடு நாலு பேர் வருகிற இடத்தில் சாக்பீஸ் வட்டம் எடுபடாது.

கடைசியாகக் கோட்டு. இவ்வளவும் பழகிய பிறகும் ஆசை விடவில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு சைஸ் பெரியதாக, கனமான துணியில். உள்ளே முழங்கை பேட் போட இடம் இருக்கும், தோளிலிருந்து உருவுவதும் சுலபம். பட்டனை மட்டும் எறிவதற்கு முன்னால் அவிழ்த்துவிடுங்கள், பட்டன் போட்ட கோட்டை உருவி எறியப் பார்த்துத் தன் கழுத்தையே நெரித்துக்கொண்ட ஒருவனை எனக்குத் தெரியும், அதே டியூப் லைட்காரன்தான்.